காருக்குள் ஒரு கணக்கப்பிள்ளை

ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் என்ற பெயர்களைக் கேட்டவுடன் முகம் மலரும் பெரியவர்கள் யாழ்ப்பாணத்தில் இன்றும் பலர் உளர். இங்கிலாந்தில் அவ்வண்டிகளைச் செய்வது நின்று பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் குடாநாட்டு வீதிகளில் அவை ஓடிக்கொண்டே இருந்தன. 1990ஆம் ஆண்டின் பின், போர்க்காலத் தடையினாற் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாகியபோது, நம்மூர்க் கராஜ்காரர்கள் அவற்றை மண்ணெண்ணெயில் ஓடச் செய்தார்கள். எஞ்சினைக் கிளப்புவதற்குச் சில துளி பெற்றோல், கிளம்பியபின் மண்ணெண்ணெய். கரும்புகை கக்கிக்கொண்டு அவை நோயாளரை வைத்தியசாலைக்கும் மணமக்களைக் கோவிலுக்கும் கொண்டு சென்றன.

அந்த வித்தை எவ்வாறு கைகூடிற்று? கராஜ்காரரின் கைத்திறன் ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. அந்த வண்டி தன்னுள்ளே எதையும் ஒளித்து வைக்கவில்லை. மூடியைத் திறந்தால் யாவும் கண்ணுக்குத் தெரிந்தன, கைக்கும் எட்டின. எங்கே காற்றுக் கலக்கிறது, எங்கே பொறி பறக்கிறது என்பதைக் காண்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

இன்றைய நிலை வேறு. அண்மையில், ஓய்வு பெற்ற ஆசிரியராகிய நண்பர் ஒருவருடன் ஊர்க் கராஜ் ஒன்றுக்குப் போயிருந்தேன். அவருடைய கார் சில ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டது. கராஜ்காரர் தமது ஸ்கானர்க் கருவியைப் பொருத்தி நெடுநேரம் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மாஸ்ரர், பழுது எதெண்டு எனக்குத் தெரியும். சாமானும் என்னட்டை இருக்கு. மாத்தவும் ஏலும். ஆனால் மாத்தின பிறகு அதைக் கார் ஏற்கவேணும். அதுக்குரிய மென்பொருள் கொழும்பிலைதான் இருக்கு."

நண்பர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "தம்பி, கார் என்ரை கார். அதின்ரை திறப்பு மட்டும் ஆரின்ரை கையிலை?" என்று கேட்டார்.

ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம் அக்காரை லொறியில் ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. நண்பர் கேட்ட கேள்வியோ என் மனத்தை விட்டகலவில்லை. உலகின் பல நாடுகளிற் சட்டமன்றங்களும் நீதிமன்றங்களும் இன்று ஆராய்ந்துகொண்டிருப்பது அந்தக் கேள்வியையே.

கணக்கு எழுதுபவர் யார்?

இக்காலத்துக் காருக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத கணக்கப்பிள்ளை ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் வேகம், எஞ்சினின் வெப்பம், பிரேக் மிதித்த நேரம், கதவு திறந்த நேரம், ஆசனப்பட்டி அணிந்ததும் அணியாததும், மின்கலத்தின் வலு ஆகியவற்றை அவர் ஓயாமற் குறித்துக்கொண்டிருக்கிறார். வண்டியின் பல பாகங்களிலும் அமைந்த சிறு கணினிகளே அந்தக் கணக்கப்பிள்ளை. அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான 'கான்' என்ற இணைப்பு முறையை ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1986இல் அறிமுகஞ் செய்தது.

இந்தக் கணக்கில் இரண்டு ஏடுகள் உள்ளன. முதல் ஏடு வண்டிக்குள்ளேயே இருப்பது. 1996ஆம் ஆண்டு தொடக்கம் அமெரிக்காவில் விற்கப்படும் புதிய கார்கள் யாவற்றிலும், சாரதியின் ஆசனத்துக்கு முன்னே, ஒரே அளவான பொருத்துவாய் இருத்தல் வேண்டும் என்பது விதி. பிற நாடுகளும் அவ்வழியைப் பின்பற்றின. கராஜ்காரர் ஸ்கானரைப் பொருத்தும் இடம் அதுவே. காரின் அருகில் நிற்பவர் எவரும் அதில் ஓரளவேனும் படித்தறியலாம்.

இரண்டாம் ஏடு வண்டிக்கு வெளியே போவது. புதிய கார்கள் பலவற்றுள் கைத்தொலைபேசியில் உள்ளதைப் போன்ற சிம் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. அதன் வழியே கார் இருக்கும் இடமும் ஓடும் விதமும் தயாரித்த நிறுவனத்தின் கணினிக்குச் செல்கின்றன. இதனால் நன்மையில்லை என்று சொல்லமுடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல் அங்கீகாரம் பெறும் புதிய கார் வகைகளில், கடும் விபத்து நேர்ந்தவுடன் 112 என்னும் அவசர எண்ணைத் தானே அழைத்து இடத்தைச் சொல்லும் கருவி கட்டாயமாக்கப்பட்டது. நடுச்சாமத்தில் ஆளற்ற வீதியிற் கிடப்பவனுக்கு அஃது உயிர் காக்கும் கருவியன்றோ!

ஆயினும் இரண்டு ஏடுகளுக்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. முதல் ஏட்டைக் காரின் அருகில் நிற்பவன் படிக்கலாம். இரண்டாம் ஏட்டையோ தொலைவில் உள்ள நிறுவனம் படலையைத் திறந்துவிட்டாலன்றி எவரும் படிக்க இயலாது. காரின் சொந்தக்காரருங்கூட அந்தப் படலைக்கு வெளியிலேதான் நிற்கிறார். முதல் ஏட்டில் இருந்தவை சிறிது சிறிதாக இரண்டாம் ஏட்டுக்கு மாறிச் செல்வதே இன்றைய சிக்கலின் வேர்.

ஏட்டைக் கேட்போர் பலர்

கணக்கேட்டின்மேல் எத்தனை பேருக்குக் கண் என்று பாருங்கள். பழுது பார்ப்பதற்குக் கராஜ்காரர் கேட்கிறார். விபத்துக்கு யார் பொறுப்பு என்று அறியக் காப்புறுதி நிறுவனம் கேட்கிறது. குற்றத்தைத் துலக்கப் பொலிசார் கேட்கின்றனர். வீதியைத் திருத்த அரசினர் கேட்கின்றனர். எந்தக் கடைக்கு அடிக்கடி போகிறோம் என்றறிய விளம்பரக்காரர் விரும்புகின்றனர். மகள் எங்கே போனாள் என்றறியத் தந்தையும், மனைவி எங்கே போனாள் என்றறியக் கணவனும் விரும்புவதுண்டு.

இவற்றுட் சில நியாயமானவை, சில நியாயமற்றவை, சில ஆளுக்கும் வேளைக்கும் ஏற்ப இரண்டுமாகக் கூடியவை. பிரிந்து வாழும் கணவன் கைத்தொலைபேசி மூலம் மனைவியின் காரைப் பின்தொடர்ந்த வழக்குகள் அமெரிக்காவில் எழுந்தன. அதன் விளைவாகக் கலிபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டம் இயற்றி, துன்புறுத்தப்பட்டவர் கேட்டால் மற்றவரின் தொலைத்தொடர்பைத் துண்டிக்கும் கடமையைக் கார் நிறுவனங்கள்மீது சுமத்தியது.

ஏடு காவலின்றிக் கிடந்தால் நேர்வது என்ன? யப்பானின் ரொயோட்டா நிறுவனம் 2023 மே மாதத்தில் ஓர் அறிவித்தல் வெளியிட்டது. கணினியமைப்பில் நேர்ந்த தவறினால், யப்பானில் உள்ள ஏறத்தாழ 21 இலட்சத்து 50 ஆயிரம் வாடிக்கையாளரின் வாகனத் தரவுகள், 2013 நவம்பர் முதல் 2023 ஏப்பிரில் வரை, வெளியார் பார்க்கக்கூடிய நிலையில் இருந்தனவாம். கார் எந்த வேளையில் எந்த இடத்தில் இருந்தது என்பதும் அவற்றுள் அடங்கும். யப்பானில் ஓடிய கார்களை வாங்கி ஓட்டும் நமக்கு இச்செய்தி அந்நியமானதன்று. 2024 டிசெம்பரில், ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் குழுமத்தின் ஏறத்தாழ 8 இலட்சம் மின்சாரக் கார்களின் தரவுகள் இவ்வாறே திறந்து கிடந்தமை வெளிப்பட்டது.

இவை கவனக்குறைவினால் நேர்ந்தவை. தெரிந்தே விற்றதும் உண்டு. சாரதி எத்தனை முறை சடுதியாகப் பிரேக் பிடித்தார், எத்தனை முறை விரைந்தோடினார் என்ற விபரங்கள் தகவல் வியாபாரிகளின் கைக்குச் சென்று, அவர்களிடமிருந்து காப்புறுதி நிறுவனங்களை அடைந்தமையை 2024இல் அமெரிக்கப் பத்திரிகைகள் வெளிப்படுத்தின. காரணந் தெரியாமற் கட்டணம் கூடியவர்கள் அப்போதுதான் விடயத்தை அறிந்தனர். 2025 சனவரியில் அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் இத்தகைய விபரங்களை நுகர்வோர் அறிக்கை நிறுவனங்களுக்குக் கொடுப்பதை ஐந்தாண்டு காலம் தடுக்கும் கட்டளையை முன்வைத்தது.

அரசுகளும் இவ்வாசைக்கு விலக்கல்ல. இந்திய அரசு வாகனப் பதிவு, சாரதி அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் தரவுத் தொகுதிகளை 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரச அமைப்புகளுக்கும் வழங்கி, 65 கோடி ரூபா ஈட்டியதாக 2019 யூலையில் அந்நாட்டுப் பாராளுமன்றத்திற் சொல்லப்பட்டது. தனிமனித அந்தரங்கம் பற்றிய அச்சம் எழவே, 2020இல் அக்கொள்கை கைவிடப்பட்டது.

நாம் அறிந்த பாடம்

இவையெல்லாம் தூர தேசத்துக் கதைகள் என்று எண்ணவேண்டா. 2022 யூலையில், எரிபொருள் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது, இலங்கை முழுவதும் ஒவ்வொரு வாகனத்துக்கும் 'கியூஆர்' குறியீடு வழங்கப்பட்டது நினைவிருக்கும். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று தொடங்கிய அப்பங்கீடு 2023 செப்டெம்பரில் நிறுத்தப்பட்டது. அம்முறை வரிசைகளைக் குறைத்தது, பதுக்கலைத் தடுத்தது. ஆனால், எந்த வாகனம் எந்த நாளில் எந்த நிலையத்தில் எத்தனை லீற்றர் பெற்றது என்ற ஏடு ஒன்றும் அதனாலே உருவாயிற்று. பயனுள்ள ஒழுங்கும் பயணக் குறிப்பும் ஒரே வேளையிற் பிறப்பதை நாமே கண்டோம்.

அன்றியும், போக்குவரத்தைப் பிறர் குறித்து வைத்தல் எத்தகையது என்பதைக் குடாநாட்டு மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சாவடிதோறும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, எங்கிருந்து எங்கே என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். ஊரை விட்டுப் போவதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டிக் காத்திருந்தவர்களும் நாம். அக்காலத்தில் எழுதுபவனையாவது கண்ணாற் கண்டோம். இன்று எழுதுபவன் கண்ணுக்குப் புலப்படான்.

முதுசமா, தேடியதேட்டமா?

இனி, அந்த ஏடு யாருக்குச் சொந்தம் என்ற வினாவுக்கு வருவோம். காரை வாங்கியவர் தமக்கே உரியது என்கிறார். கருவியையும் கணினியையும் அமைத்த நிறுவனம் தனக்கே உரியது என்கிறது.

இத்தகைய வழக்கு நம் முன்னோர்க்குப் புதிதன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டு கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்து, பன்னிரு முதலிமார் பார்வையிட்டுச் சரிகண்ட தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்துக் கூறுகிறது. தேடியதேட்டம் என்பது மணவாழ்வில் ஈட்டிய பொருள். அஃது ஒருவர் பெயரில் இருந்தாலும் இருவருக்கும் உரியது. காரின் தரவும் அத்தகையதே. கருவியின்றித் தரவில்லை, ஓட்டுபவனின்றியும் தரவில்லை. ஆகவே, ஒருவர் முழுவதையும் எடுத்துக்கொள்வது நீதியாகாது.

இதனினும் பொருத்தமான உவமை நம் தோட்டங்களில் உண்டு. வற்றாத ஆறில்லாத இந்தக் குடாநாட்டில் கிணறே உயிர். ஒரு கிணற்றிற் பலருக்குப் பங்கு. தோட்டக் காணியை எழுதும்போது நொத்தாரிசு நிலத்தின் பரப்பை மாத்திரம் எழுதிவிட்டு நிறுத்துவதில்லை; கிணற்றிற் பங்கும், அதற்குரிய வழியும் வாய்க்காலும் உறுதியில் இடம்பெறும். ஏன்? பங்கிருந்தும் வழியில்லையாயின் அப்பங்கினால் பயனில்லை. வழியிருந்தும் முறையில்லையாயின் கிணறு வற்றிப் போகும். தண்ணீர் யாருடையது என்று வாதிட்டுக்கொண்டிராமல், யார், எப்போது, எந்த வழியாக, எவ்வளவு இறைக்கலாம் என்று வரையறுத்தார்கள். கார்த் தரவைப் பற்றிய சட்டத்துக்கும் இதுவே தக்க வழி.

பிற நாட்டார் எழுதிய உறுதி

ஐரோப்பிய ஒன்றியம் எழுதியிருப்பதும் ஏறக்குறைய இதுபோன்ற உறுதியே. அதன் 'தரவுச் சட்டம்' 2024 சனவரி 11இல் நடைமுறைக்கு வந்து, 2025 செப்டெம்பர் 12 முதற் செயற்படுகிறது. இணைய வசதியுள்ள பொருளைப் பயன்படுத்துபவர், அது பிறப்பிக்கும் தரவைக் கட்டணமின்றிப் பெறலாம். தாம் விரும்பும் கராஜ்காரருக்கோ பிறருக்கோ அதைக் கொடுக்கும்படி நிறுவனத்தைப் பணிக்கவும் செய்யலாம். நிறுவனமும் வெறுங்கையோடு விடப்படவில்லை. தரவைப் பெறும் வர்த்தகரிடம் நியாயமான கட்டணம் அறவிடலாம். தன் தொழில் இரகசியத்தைக் காத்துக்கொள்ளலாம். பெற்ற தரவைக்கொண்டு போட்டிக்கு அதே பொருளைச் செய்தல் கூடாது. இணைய உலகைத் தம் கையில் வைத்திருக்கும் பெருநிறுவனங்கள் இந்த வழியால் உட்புக முடியாது.

நீதிமன்றமும் பேசியிருக்கிறது. இத்தாலியக் கார் நிறுவனம் ஒன்று, காரின் பொருத்துவாய் வழியே முழுமையாகப் படிக்க விரும்பும் கராஜ்கள் முன்கூட்டியே பதிவு செய்து, பணம் கட்டி, தன் கணினியோடு இணைய வேண்டும் என்று விதித்தது. சட்டத்தில் இல்லாத அத்தகைய நிபந்தனைகளை விதிக்க நிறுவனத்துக்கு உரிமையில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 ஒக்ரோபர் 5இல் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் மக்களே நேரில் வாக்களித்தனர். கம்பியின்றிச் செல்லும் தரவையும் சொந்தக்காரரும் அவர் விரும்பும் கராஜும் பெறவேண்டும் என்ற பிரேரணையை 2020 நவம்பரில் நால்வரில் மூவர் ஆதரித்தனர். கார் நிறுவனங்கள் வழக்குத் தொடர்ந்தன. 2025 பெப்ரவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது.

நிறுவனங்களின் எதிர்வாதத்தையும் கேட்டல் முறை. படலையை அகலத் திறந்தால் கள்வனும் நுழைவான் என்கின்றன அவை. இது வெறும் சாட்டன்று. 2015இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் வண்டியைத் தொலைவிலிருந்தே கணினி மூலம் அடக்கிக் காட்டினர். அதன் விளைவாக 14 இலட்சம் வாகனங்கள் திருத்தத்துக்காக மீள அழைக்கப்பட்டன. ஆகவே பூட்டு வேண்டியதே. ஆனால், பூட்டு வேண்டும் என்பதற்காகத் திறப்பை ஒருவரே வைத்திருத்தல் வேண்டும் என்பது பெறப்படாது. பங்குக் கிணற்றுக்கும் வேலியுண்டு; பங்காளர் ஒவ்வொருவருக்கும் வழியும் உண்டு.

நமது சட்டம் எங்கே நிற்கிறது?

இலங்கைப் பாராளுமன்றம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தம்மைப் பற்றிய தரவைப் பார்க்கவும், பிழையைத் திருத்தவும், கொடுத்த சம்மதத்தை மீளப் பெறவும் அது மக்களுக்கு உரிமையளிக்கிறது. ஆயினும், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்போடப்பட்டன. மேலும், அச்சட்டம் மனிதரைப் பற்றிய தரவையே நோக்குகிறது. ஊர்க் கராஜ்காரருக்கு வேண்டியதோ இயந்திரத்தைப் பற்றிய தரவு. அதற்குரிய வழிவாய்க்கால் நம் சட்டத்தில் இன்னும் வெட்டப்படவில்லை.

வாகன இறக்குமதி 2020 முதல் தடைப்பட்டிருந்து, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது. அதன்பின் வருபவை பெரும்பாலும் கணக்கப்பிள்ளை உள்ள வண்டிகளே. ஆகையால், காலந் தாழ்த்தாமல் ஐந்து விடயங்களை எழுதிவைத்தல் நலம்.

முதலாவது, சொந்தக்காரர் தம் காரின் ஏட்டைக் கட்டணமின்றிப் படிக்கும் உரிமை. இரண்டாவது, அவர் சொன்னால் ஊர்க் கராஜ்காரரும் படிக்கும் உரிமை. இஃதில்லையாயின் கிராமந்தோறும் உள்ள கைத்தொழில் மெல்ல மெல்ல அழியும். மூன்றாவது, ஒரு நோக்கத்துக்குப் பெற்றதை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தாமை. பழுதறியப் பெற்றது காப்புறுதிக் கட்டணத்தைக் கூட்டுவதற்கு உதவலாகாது. நான்காவது, பொலிசார் கேட்பதாயின் நீதிமன்றக் கட்டளை. ஐந்தாவது, விபத்தில் அடிபட்டவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் அந்த வேளைக்குரிய பதிவைப் பெறும் வழி. மோதுவதற்குச் சில விநாடிகளுக்கு முன் வேகம் என்ன, பிரேக் மிதிக்கப்பட்டதா என்பவற்றைப் பதியும் கருவி பல கார்களில் உண்டு. அதை ஒரு பக்கத்தார் மாத்திரம் படிக்கலாமென்றால், வீதியோரத்தில் நடந்து சென்ற ஏழைக்கு நீதி எங்ஙனம் கிட்டும்?

இவை எல்லாவற்றோடும் ஒன்று: சம்மதங் கேட்பது தமிழில் இருத்தல் வேண்டும். விளங்காத மொழியில் நீண்ட பத்திரத்தைத் திரையிற் காட்டி, அதன் அடியிலுள்ள பொத்தானை அழுத்தச் செய்வது சம்மதமாகாது.

இன்றே செய்யத்தக்கவை

சட்டம் வரும்வரை வாளாவிருக்க வேண்டியதில்லை. பழைய கார் வாங்குவோர், முந்திய சொந்தக்காரரின் கைத்தொலைபேசித் தொடர்பும் இணையக் கணக்கும் நீக்கப்பட்டனவா என்று பார்த்தல் வேண்டும். விற்போர், திரையிற் சேர்ந்திருக்கும் தொலைபேசி எண்களையும் சென்ற இடங்களின் பட்டியலையும் அழித்தல் வேண்டும். வீட்டுத் திறப்பை விட்டுவிட்டு வீட்டை விற்பார் உண்டோ? லொறிக்கோ ஓட்டோவுக்கோ இடங்காட்டும் கருவி பொருத்துவோர், அதன் பதிவு எங்கே சேர்கிறது, எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம் என்று விற்பவரிடம் கேட்டறிதல் வேண்டும். பிள்ளைகளின் வண்டியில் அதைப் பொருத்துவதாயின் அவர்களுக்குச் சொல்லிவிட்டே பொருத்துக. ஒளித்துப் பார்க்கும் கண்ணை எந்தப் பிள்ளையும் அன்பென்று கொள்ளாது.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. கணினி கற்கும் பிள்ளைகள், ஒரு விடுமுறை நாளில் ஊர்க் கராஜுக்குப் போய், பொருத்துவாயில் வரும் எண்களைக் கராஜ்காரருடன் சேர்ந்து படித்துப் பாருங்கள். அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தது அவருக்குப் புதிது. இரண்டுங் கூடினால் நன்மை விளையும்.

நண்பரின் கார் எட்டாம் நாள் திரும்பி வந்தது. கூலியை விட லொறிச் சத்தமே அதிகம். அதை ஓட்டிக்கொண்டு அவர் முதலிற் போனது அதே ஊர்க் கராஜுக்குத்தான். கராஜ்காரர் மூடியைத் திறந்து, கொழும்பிற் செய்த வேலையைக் குனிந்து பார்த்தார்.

"நான் மாத்தச் சொன்ன அதே சாமானைத்தான் மாத்தியிருக்கினம், மாஸ்ரர்," என்றார்.